ஓரத்தில் எழுதியது யாருக்குச் சொந்தம்?

பழைய புத்தகக் கடையில் ஒரு எஞ்சினியரிங் பாடப்புத்தகம் வாங்கினால் அதோடு இன்னொன்றும் இலவசமாக வரும். அதற்கு முன்னால் அதைப் படித்தவர் பென்சிலால் எழுதி வைத்தது. 'கட்டாயம் வரும், 16 மார்க்', 'மூன்றாவது ஸ்டெப் தப்பு, சார் சொன்னார்', 'யூனிட் 4 விட்டுவிடலாம்' (அதை நம்பி யூனிட் 4ஐ விட்டவர்களின் கதி தனிக்கதை). புத்தகம் எழுதிய பேராசிரியருக்கே தெரியாத விஷயமெல்லாம் அந்த ஓரத்தில் கிடைக்கும். எழுதியவர் யார், எந்த வருடத்து மாணவர், பாஸானாரா இல்லையா, எதுவும் தெரியாது. ஆனாலும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு அந்த முகம் தெரியாத ஆள்தான் துணை.

எழுதுகோல் வைத்த ஈ-ரீடர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஓரத்தைத்தான் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை விற்பவர்கள் பேனாவைப் பற்றியே பேசுகிறார்கள். காகிதத்தில் எழுதுவது போலவே இருக்கும், சரசரவென்று சத்தம்கூட வரும் என்கிறார்கள். வருகிறது, அதில் பொய் இல்லை. கேட்க வேண்டியது வேறு. எழுதினது எங்கே போய் உட்காருகிறது? எழுதினவர் கேட்டால் முழுசாகத் திரும்பக் கிடைக்குமா? அடுத்த வருடத்து ஜூனியர் கைக்கு அது போய்ச் சேருமா? இதற்கெல்லாம் பதில் சொல்லாத கருவி படிப்பதற்கு நல்ல கருவியாக இருக்கலாம். குறிப்பெடுக்கும் கருவி என்று அதைச் சொல்வது கொஞ்சம் ஓவர்.

இந்தக் கருவியைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். செல்போன் திரையும் டேப்லெட் திரையும் வெளிச்சத்தை நம் கண்ணில் அடிக்கின்றன. ஈ-இங்க் திரை அப்படி இல்லை, காகிதம் மாதிரி தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. (இப்போது வருபவற்றில் இருட்டில் படிக்க ஓரத்திலிருந்து விளக்கு உண்டு. அதுவும் திரையின்மேல்தான் விழும்.) தலைமுடித் தடிமன் அளவே உள்ள குட்டி உருண்டைகள் அந்தத் திரை முழுக்க இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பாட்டரி நாள்கணக்கில் தாங்குவதன் ரகசியம் இவ்வளவுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரும் அவரிடம் வேலை செய்த இரண்டு இளங்கலை மாணவர்களும் செய்து காட்டியது இது. 1997ல் அதுவே ஈ இங்க் என்ற நிறுவனமானது. ஃபைனல் இயர் புராஜெக்டை எங்கிருந்து காப்பி அடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்கவும்.

பேனா விஷயம் இன்னும் அழகு. இந்தக் கருவிகள் பலவற்றில் வருவது ஜப்பானின் வாகோம் நிறுவனம் வளர்த்த நுட்பம். பேனாவுக்குள் பாட்டரி கிடையாது. திரைக்கு அடியில் உள்ள தகடு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு 'இங்கே இருக்கிறேன்' என்று பதில் சொல்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படித்துவிட்டு பரீட்சை முடிந்த அன்றே மறந்தோமே, அதேதான்.

இந்தப் பேனாவை ஸ்டைலஸ் என்கிறார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் உருவாக்கக் குழு போடத் தேவையில்லை. எழுத்தாணி என்று ஓலைக்காலத்திலிருந்தே இருக்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதியவர்கள் நம் ஆட்கள். இந்தப் புது எழுத்தாணிக்கு அந்தப் பயம் இல்லை. வேறு பயம் உண்டு, அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. மாணவர்கள் படிப்பதில் பெரும்பகுதி இன்றைக்கு பிடிஎஃப். சார் அனுப்பும் நோட்ஸ், ஆய்வுக்கட்டுரை, பழைய கேள்வித்தாள் எல்லாமே ஏ4 அளவுக்குச் செய்யப்பட்டவை. ஏ4 தாளின் மூலைவிட்டம் 14.3 அங்குலம். அதை 6 அங்குலக் கிண்டிலில் திறந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பேனா வைத்த ஈ-ரீடர்களில் பல 10.3 அங்குலம், கிட்டத்தட்ட ஏ5 அளவு. ஏ4 பக்கம் அதில் எழுபது சதவீத நீள அகலத்துக்குச் சுருங்கும், ஆனால் படிக்க முடியும். இரண்டு பத்தி வைத்து நெருக்கி அச்சடித்த ஆய்வுக்கட்டுரைதான் கொஞ்சம் கஷ்டம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளத்திலும் கிடைக்கிற பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த படங்கள். படத்தில் எழுத்து இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. விரலால் ஒரு வரியைத் தொட்டு மஞ்சள் பூசப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது படத்தின்மேல் கோடு இழுக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு தெரியுமா, மொழி தெரியுமா என்றெல்லாம் கேட்காது. மஞ்சிப்போன தாளில் அச்சான அறுபது வருடத்துப் பழைய புத்தகத்தின் ஓரத்தில், நூலகரிடம் திட்டு வாங்காமல் எழுத முடிகிறது. இதற்காகவே யாராவது வாங்கினால் தப்பு சொல்ல முடியாது.

இன்னொன்று, இந்தத் திரை மெதுவானது. வீடியோ பார்க்கச் சகிக்காது. சில கருவிகளில் பிரவுசரே கிடையாது. குறை என்று சொல்வார்கள், செமஸ்டர் சமயத்தில் இதைவிடப் பெரிய வரம் வேறு என்ன?

சரி, இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம்.

ஈ-புத்தகம் இரண்டு விதம். பிடிஎஃப் என்பது அச்சடித்த தாள் மாதிரி, எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். கிண்டில் புத்தகமும் ஈபப் புத்தகமும் தண்ணீர் மாதிரி. எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் நகரும், பக்கம் மாறும். அதில் பேனாவால் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கோடு எங்கே போக வேண்டும்? ஓரத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு பத்திகளை இணைத்திருந்தால்? இது நிஜமாகவே கஷ்டமான கணக்கு, பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கிண்டில் ஸ்க்ரைப் 2022 நவம்பரில் வந்தது. 10.2 அங்குலம், ஆரம்ப விலை 340 டாலர், கூடவே பேனா. எழுதுவதற்கென்றே வந்த முதல் கிண்டில். வாங்கியவர்கள் ஆசையாகப் புத்தகத்தைத் திறந்து ஓரத்தில் எழுதப் போனால், பக்கத்தின்மேல் எழுத முடியாது! ஒரு குறிப்புச் சீட்டைத் திறக்க வேண்டும், அதற்குள் எழுத வேண்டும், மூட வேண்டும். மூடினதும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி மட்டும் நிற்கும். அனுப்பி வைத்த பிடிஎஃப்களின்மேல் எழுத முடிந்தது, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2024 கடைசியில் வந்த அடுத்த ஸ்க்ரைபில்தான் பக்கத்திலேயே எழுதும் வசதி வந்தது. அதிலும் எழுதினதைச் சுற்றிக் கட்டம் கட்டி வாக்கியங்களை ஒதுக்கி நகர்த்துகிறது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால் இதெல்லாம் புதுசே இல்லை. 2006லேயே நெதர்லாந்தில் பிலிப்ஸிலிருந்து பிரிந்து வந்த ஐரெக்ஸ் என்ற நிறுவனம் ஐலியட் என்று ஒரு ஈ-ரீடர் விட்டது. முதல் கிண்டில் வருவதற்கு ஒரு வருடம் முன்னால். 8.1 அங்குலம், ஈ-இங்க் திரை, வாகோம் பேனா, பிடிஎஃபின்மேல் எழுதலாம். இன்றைக்கு வரும் கருவிகளின் தாத்தா என்றே சொல்லலாம். 2010ல் அந்த நிறுவனம் திவாலானது. கருவி நன்றாக இருப்பது வேறு, அதைச் செய்த கம்பெனி உயிரோடு இருப்பது வேறு. நான்கு வருடப் படிப்பின் குறிப்பை ஒரு கம்பெனியின் ஆயுளோடு கட்டிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2009ல் அமேசான் கிண்டில் டிஎக்ஸ் என்று 9.7 அங்குலத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. பாடப்புத்தகத்துக்கு என்றே சொல்லி பிரின்ஸ்டன், ரீட் கல்லூரி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரின்ஸ்டனில் அந்த வகுப்புகளில் மாணவர்கள் அச்செடுக்கும் தாள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மாணவர்களின் பெரிய புகார், ஓரத்தில் எழுத வரவில்லை என்பது. டிஎக்ஸில் பேனா கிடையாது, தொடுதிரையும் கிடையாது. குட்டிக்குட்டிப் பொத்தான்களைத் தட்டிக் குறிப்பு எழுத வேண்டும். வகுப்பில் ஆசிரியர் பேசிக்கொண்டே போகும்போது அது எந்த மூலைக்கு? பார்வையற்ற மாணவர்கள் பயன்படுத்த முடியாத கருவியைப் பாடத்துக்கு வைக்கலாமா என்று அரிசோனாவில் வழக்கும் வந்து 2010 ஜனவரியில் சமரசமானது. கருவி செய்கிறவர்கள் படிப்பது என்றால் பக்கம் திருப்புவது என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மாணவர்களுக்குப் படிப்பது என்றால் கிறுக்குவதும் சேர்த்துத்தான்.

அதே 2009 ஜூலையில் நடந்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் கிண்டில் கடையில் விற்றுவிட்டார் என்று தெரியவந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அவற்றை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிக்க இந்தப் புத்தகம்தானா கிடைத்தது என்று உலகமே சிரித்தது. '1984'ல் கதாநாயகனுக்கு வேலையே பழைய பதிவுகளை அழித்து மாற்றுவதுதான் :-)

அந்தச் சிரிப்பில் ஒரு சின்ன விஷயம் அமுங்கிப்போனது. மிச்சிகனில் 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் விடுமுறைப் பாடத்துக்காக '1984'ஐ அந்தக் கருவியில் படித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். புத்தகம் போனது. குறிப்புகள் ஒரு கோப்பில் மிச்சம் இருந்தன. எந்தப் பக்கத்துக்கு, எந்த வரிக்கு எழுதியது என்ற தொடர்பு மட்டும் அறுந்துவிட்டது. 'இந்த இடம் முக்கியம்' என்று இருக்கிறது, எந்த இடம்? அவர் வழக்குப் போட்டார். ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தைக் குறிப்புகளோடு திருப்பித் தருகிறோம், வேண்டாமென்றால் 30 டாலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று செப்டம்பரில் எல்லோருக்கும் சொன்னார்கள். வழக்கு ஒன்றரை லட்சம் டாலருக்குச் சமரசமாகி வக்கீல் ஃபீஸும் தர்மமுமாகப் போனது.

ஒரு டாலர்கூட இல்லாத புத்தகம். அதற்கு இவ்வளவு தூரம் போவானேன்? புத்தகத்தின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஓரத்தில் எழுதியதற்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போடவில்லை என்பதுதான் அந்தப் பையனின் வழக்கு. நியாயமான வழக்கு.

ஓரக்குறிப்பு என்ன பெறும் என்பதற்குக் கணக்குப் பாடத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1637 வாக்கில் டயோஃபாண்டஸின் கணித நூலைப் படிக்கும்போது ஒரு தேற்றத்தை எழுதி, அழகான நிரூபணம் இருக்கிறது, ஓரத்தில்தான் இடம் போதவில்லை என்று எழுதி வைத்தார். 1665ல் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதி வைத்திருந்த அந்தப் பிரதி இன்று இல்லை, காணாமல் போய்விட்டது. ஆனால் அவர் மகன் சாமுவேல், அப்பா கிறுக்கிய ஓரக்குறிப்புகளையெல்லாம் சேர்த்து 1670ல் அந்த நூலை மறுபடி அச்சிட்டார். அதனால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது. அதை நிரூபிக்க 1995ல் ஆண்ட்ரூ வைல்ஸ் வர வேண்டியிருந்தது. சாமுவேல் அலமாரியைத் திறந்தால் போதும், அப்பாவின் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. ஓலைச்சுவடியும் அப்படிப் பிழைத்ததுதான். பூச்சி அரிப்பதற்குள் யாராவது உட்கார்ந்து படி எடுத்தார்கள்.

இன்றைக்கு நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிண்டில் ஸ்க்ரைபிலிருந்து கையெழுத்து நோட்டுகளை பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்ப முடியும். நார்வேயின் ரிமார்க்கபிள் கருவியும் பிடிஎஃப் ஆகத் தருகிறது. ஆனால் வசதி இன்று இருப்பது நாளைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரிமார்க்கபிள் 2021ல் சில வசதிகளுக்கு மாதச் சந்தா என்றது, அடுத்த வருடமே அவற்றில் பலவற்றை மறுபடி இலவசமாக்கியது. கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வழியை 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்தே விட்டது. இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் கருவி உங்கள் மேசையில் இருக்கிறது, அதன் சட்டதிட்டம் வேறு யாரோ ஒருவரின் மேசையில் இருக்கிறது.

கையால் எழுதினால் மூளையில் நிற்கும், விஞ்ஞானமே சொல்கிறது என்றும் இந்தக் கருவிகளுக்காக வாதாடுவார்கள். சொல்வது 2014ல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. மடிக்கணினியில் தட்டுகிறவர்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே இறக்குகிறார்கள், கையால் எழுதுகிறவர்கள் சுருக்கியாக வேண்டும் என்பதால் யோசிக்கிறார்கள் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கும். 2019ல் வேறு மூவர் அதையே மறுபடி செய்து பார்த்தார்கள், எலெக்ட்ரானிக் சிலேட்டில் எழுதுகிற ஒரு கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆய்வு சொன்ன அளவுக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மார்க் கூடும் என்று நம்பி வீட்டில் காசு கேட்பவர்கள் வேறு காரணம் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

காரணம் வேண்டுமென்றால் இதுதான். நூறு பக்க பிடிஎஃபை அச்செடுக்காமல், கண் எரியாமல், மேலே கிறுக்கிக்கொண்டே படிக்கலாம். ஒரு பை நிறைய ஜெராக்ஸ் வேலையை இது செய்யும். வகுப்பு நோட்டுக்கு 40 ரூபாய் நோட்டே போதும். அதைத் தூக்கி நண்பனிடம் கொடுக்கலாம், ஜெராக்ஸ் கடையில் பிரித்துப் போடலாம், மழையில் நனைந்தால் ஃபேனுக்கு அடியில் காயப்போடலாம். ஐந்து பக்கம் முன்னால் என்ன எழுதினோம் என்று கட்டைவிரலால் புரட்டிப் பார்க்கும் வேகம் இந்த மெதுவான திரைக்கு இன்னும் வரவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரம் எழுதினதை பிடிஎஃப் ஆக எடுத்துக் கணினியில் போட்டு வைக்க வேண்டும். பாடத்தின் பெயர், யூனிட், தேதி மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். புத்தகத்தின் ஓரத்தில் எழுதினால் எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டு 'முக்கியம்' என்று எழுதுங்கள், அந்த மிச்சிகன் பையனை நினைத்துக்கொண்டு. முடிந்தவரை காப்புப்பூட்டு இல்லாத பிடிஎஃபில் படியுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனையும் உண்டு. ஏற்கெனவே வைத்திருக்கும் சீனியரையோ கடைக்காரரையோ பிடியுங்கள். ஏதாவது ஒரு பிடிஎஃபைத் திறந்து ஓரத்தில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பேனா எப்படி வழுக்குகிறது, சத்தம் வருகிறதா என்பதையெல்லாம் அவரே சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஒரு பென்டிரைவிலோ மடிக்கணினியிலோ போட்டுத் தரச் சொல்லுங்கள்.